வெளிப்பக்கம் பூட்டிய வீடு

ஆஸ்டின் டவுனில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. கையில் கொடுக்கிற காகிதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். எண்ணெய்க் கறை இருந்தால் பஜ்ஜிக்கடை. எட்டாய் மடித்து வேர்வையில் நமுத்துப் போயிருந்தால் ஆட்டோ. ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வந்தால் அது பெர்னார்ட் அண்ணன்.

"ஆதாரையும் அயர்ன் பண்ணித்தான் எடுத்தாறீங்களாண்ணா?" என்று கேட்பேன்.

"ரேஷன் கார்டு ஜெராக்ஸை மட்டும்தாம்மா. ஆதாரு பிளாஸ்டிக்கு, உருகிடும்" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நகரத்தின் மறுகோடி பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவருக்கு அயர்ன் வேலை. இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே சட்டை தேய்க்கிறார். காலை ஏழுக்கு வீட்டை விட்டால் மெஜஸ்டிக் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. திரும்பி வர ராத்திரி ஏழரை ஆகும். பிள்ளைகள் இல்லை. மனைவி பியாட்ரிஸ் அக்கா ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். தெருவில் அவள் குரல் பிரசித்தம். காய்கறி வண்டிக்காரனிடம் கன்னடத்தில் சண்டையை ஆரம்பித்துத் தமிழில் சமாதானமாவாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் அடுப்படியிலேயே விழுந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு குழறியது. எழுந்து உட்காரவே ஆள் வேண்டும்.

முதல் ஆறு மாதம் சனங்கள் வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்தன, ஜெபக்கூட்டத்துக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் ஆப்பிள் நின்றது, ஆட்களும் நின்றார்கள். நோயாளி சீக்கிரம் எழுந்திருக்கவேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் போய்ச் சேரவேண்டும். இரண்டும் இல்லாமல் படுத்தே கிடந்தால் ஊருக்கு அலுத்துவிடும். ஊர் என்று பொதுவாகச் சொல்கிறேன். நானும் அதில்தான் இருந்தேன்.

அண்ணன் நாலு மணிக்கு எழுவார். அக்காவைத் துடைத்து, துணி மாற்றி, தலை பின்னி, இட்லியைப் பிசைந்து ஊட்டி, நாள் முழுக்க வேண்டியதை இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைப்பார். குழாய் போட்ட தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பட்டன் போன். தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பார். பிறகு கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்.

முதலில் அவர் பூட்டவில்லை, சும்மா சாத்திவிட்டுத்தான் போனார். ஒரு நாள் எவனோ உள்ளே புகுந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அக்கா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கத்தினாளாம், அது யார் காதுக்கும் எட்டவில்லை. அன்று சாயங்காலமே அண்ணன் பூட்டு வாங்கினார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு அறக்கட்டளையின் விண்ணப்பம் என் கடைக்கு வந்தது. படுத்த படுக்கையாய் இருக்கிற கணவனையோ மனைவியையோ வைத்துக்கொண்டு, வேலையையும் விட முடியாத கூலிக்காரர்களுக்கு மாதம் நாலாயிரம் ரூபாய். நானே அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். தெருமுனை லட்சுமம்மா நாலாயிரம் கொடுத்தால் பத்திலிருந்து நாலு வரை அக்காவோடு இருப்பதாக ஒத்துக்கொண்டாள். பணம் வந்தால் பகலில் பூட்டு போடவேண்டியதில்லை. அண்ணனுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

விண்ணப்பம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், ஆகவே எல்லாருக்காகவும் பேனாவால் நான் அழுவேன். பதினான்காம் கேள்வி, 'அக்கம்பக்கத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள யாராவது உண்டா?' என்று கேட்டது. அண்ணனைக் கேட்காமலே 'யாரும் இல்லை' என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் கேஸ் நிற்கும். அண்ணன் எல்லாவற்றையும் ஒரு தடவை படித்தார். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு, "சரிதாம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுத அறக்கட்டளையிலிருந்து கஸ்தூரிரங்கன் என்பவர் வந்தார். தோளில் ஒரு பை, வார்த்தைகளை எண்ணிப் பேசுகிற மனிதர். முன்கூட்டியே நாள் சொல்லியிருந்ததால் அண்ணன் லீவ் போட்டிருந்தார். துணைக்கு நானும் போனேன். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மெத்தை விரிப்பு தேய்த்தது, தலையணை உறை தேய்த்தது, ஜன்னல் திரைகூடத் தேய்த்தது. அக்கா நீல நைட்டியில், மடிப்புக் கலையாமல், முகத்தில் பவுடரோடு படுத்திருந்தாள். டீயும் தேங்காய் பன்னும் தயாராக இருந்தன. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள்.

கஸ்தூரிரங்கன் பன்னைச் சாப்பிட்டார். சுற்றிப் பார்த்தார். "ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க" என்றார். அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. வீட்டுக்கு வந்த ஒரு மனிதர் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவரைப் பாராட்டுகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. 'கணவர் உடனிருந்து நன்றாகக் கவனித்து வருகிறார். உடனடித் தேவை இல்லை.'

"உங்களை யாருண்ணா அயர்ன் பண்ணச் சொன்னது?" கடையில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் கத்தினேன். "சாயங்காலம் ஏழரைக்கு எப்படிக் கெடக்குதோ அப்படியே விட்டிருந்தா போதுமே! அழுக்குத் துணியோட, நாத்தத்தோட பாத்திருந்தா மறுபேச்சு பேசாம குடுத்திருப்பான்!"

அண்ணன் கடிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

"பணத்துக்கோசரம் என் பொண்டாட்டிய நாற விட்டு இன்னொரு ஆம்பளைக்குக் காட்டணுமா ஜோவிதா? அவளுக்குக் கை கால்தான் வரல. வெக்கம் போவல."

அவர் போனபிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. என் வாயை எனக்கே பிடிக்கவில்லை. மேல்முறையீடு ஒன்றை நானே உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை பேனா அழவில்லை, திட்டியது. 'லீவ் போட்ட ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்துவிட்டீர்கள். சொல்லாமல் ஒரு வேலை நாளில் வந்து பாருங்கள்' என்று எழுதி, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை. ஒன்றரைக்கு நான் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடக் கிளம்பினேன். தெருவின் இந்தக் கோடியில் கடை, அந்தக் கோடியில் என் வீடு, நடுவில் அண்ணன் வீடு. அங்கே ஜன்னலோரம் கஸ்தூரிரங்கன் நின்றிருந்தார். கதவில் பூட்டு தொங்கியது. ஃபாக்டரியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் அண்ணனைக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை என்றார். வந்து ஒரு மணி நேரமாகிறதாம். அவ்வளவு நேரமும் ஜன்னல் கம்பி வழியாக அக்காவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க வர்றீங்கன்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றார் என்னிடம். "நீங்க மூணு வீடு தள்ளி இருக்கறப்பவே, 'ஜோவிதா வருது'ன்னாங்க. எனக்கு ஆச்சரியமாயிருந்தது."

உள்ளே எட்டிப் பார்த்தேன். தினமும் நாலு தடவை அந்த ஜன்னலைத் தாண்டுகிறேன், எட்டிப் பார்த்தது அன்றுதான். கூடத்தில் விளக்கு இல்லை. நீல நைட்டி காலையில் தேய்த்த மடிப்போடுதான் இருந்தது. தண்ணீர் பாட்டில் எப்போதோ கை தவறிக் கீழே உருண்டிருக்கிறது. கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும். ஆனால் அது அக்காவுக்கு எட்டாத ஒரு முழம்.

"எப்படிக்கா தெரிஞ்சுது?" என்றேன்.

அக்கா ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். "செருப்பு. ஒம்போதரைக்குப் போவ. ஒன்றரைக்கு... வருவ. ரெண்டே காலுக்குத் திரும்புவ. போன வாரம் ஒரு செருப்பு அறுந்துபோச்சு. இழுத்துக்கினே போன." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "தச்சிட்டியா?"

தைத்துவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். எதிர்வெளிச்சத்தில் அது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

கஸ்தூரிரங்கன் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். பதினான்காம் கேள்வியில் விரலை வைத்தார். "இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். 'ஜோவி ஜெராக்ஸ்' என்கிற போர்டு அங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தது. மஞ்சளில் பெரிதாக எழுதச் சொன்னது நான்தான். பிறகு என் வீடு எது என்று கேட்டார், காட்டினேன். அதையும் பார்த்தார்.

"மேடம், நான் ரிப்போர்ட் எழுதணும்" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "இந்தப் பதில் பொய்ன்னு எழுதவா, உண்மைன்னு எழுதவா?"

பொய் என்றால் அண்ணனுக்குப் பணம் இல்லை. உண்மை என்றால் நான் இந்தத் தெருவில் இல்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கட்டங்களை யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்தவள், அந்த ஒரு கட்டத்துக்கு முன்னால் நின்றேன். ஜன்னலுக்குள் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

"உண்மைன்னே எழுதுங்க சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து பணம் வந்தது. லட்சுமம்மா பத்து மணிக்கு வருகிறாள், அக்காவுக்குத் தெரிந்த கன்னடச் சண்டையெல்லாம் இப்போது அவளோடுதான். ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தப் புதன்கிழமை நான் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், இறங்கவில்லை. எழுந்து ஒரு நீளக் குச்சியைத் தேடி எடுத்துவந்து, ஜன்னல் வழியாக அந்தப் பாட்டிலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தேன். அக்காவின் இடது கை தொங்கித் தொங்கி அதைப் பிடித்தது. குழாயை வாயில் வைத்து அவள் குடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ராத்திரி ஏழரைக்கு அண்ணன் வரும்வரை அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அவளுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லண்ணா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி செஞ்சு குடுங்க. நான் பகல்ல வந்து பாத்துட்டுப் போறேன்."

அண்ணன் பூட்டைத் திறந்தார். சாவிக்கொத்தை என் முன்னால் நீட்டினார். வளையத்தில் ஒரே மாதிரி இரண்டு சாவி இருந்தன.

"செய்யத் தேவையில்லம்மா. வாங்கறப்பவே கடைக்காரன் ரெண்டு குடுத்தான். மூணு வருஷமா ரெண்டையும் நானே வச்சிக்கினு சுத்தறேன்."

இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவரும் என்னைக் கேட்கவில்லை. இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன விரல்களால் வளையத்தை நெம்பி ஒரு சாவியை உருவ அவருக்கு நேரமாயிற்று. வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே உள்ளே போனேன். விளக்கைப் போட்டார். அக்கா கண் கூச என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒன்றரைக்கு வரட்டுமாக்கா?" என்றேன்.

சொல்லைத் தேடுகிறாள் என்று காத்திருந்தேன்.

"நீ தெனம் வர்ற நேரந்தானே" என்றாள்.