ஊசிக்குத் தேதி வாங்கினேன், நாற்காலி கிடைத்தது

எனக்கு வயது அறுபத்தாறு. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் தரையில் உட்கார முடியாது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் தேய்ந்த ஜவ்வு திரும்ப வளர்ந்துவிடும் என்று கைப்பேசியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கணவரிடம்கூடச் சொல்லாமல் தேதி வாங்கிவிட்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் கோபப்படவில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அழைத்துப் போனார்.

“அது இன்னும் ஆராய்ச்சியிலதாம்மா இருக்கு. ஜவ்வு வளரும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. தொடைக்குப் பயிற்சி செய்ங்க, வலி குறையும். அப்படி என்ன அவசரம்?” என்றார் டாக்டர்.

“இவரு தரையில உக்காந்துதான் சாப்புடுவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒண்ணாதான் உக்காருவோம். இப்ப தனியா சாப்புடுறாரு, டாக்டர்” என்றேன்.

பஸ் பிடித்து ஊர் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அவர் இரண்டு நாற்காலிகளை அருகருகே இழுத்துப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ கீழ வர வேணாம். நான் மேல வந்துட்டேன்.”

ஊசித் தேதியை ரத்து செய்துவிட்டேன். இப்போதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டி மடக்கிப் பயிற்சியை முடித்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு. அதுவரை அவரும் சோற்றில் கை வைப்பதில்லை.