எண்ணெய் ஊறிய கியர் பாக்ஸ்

சித்தப்பா ஓட்டியது அச்சன்புதூர் முதலாளியின் கார். அதோடு வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகம் மட்டும் தென்காசியில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படம் பார்ப்பார். நானும் பார்ப்பேன், அவர் இல்லாத நேரத்தில். பலாப்பழத்தைப் பிளந்து வைத்தது போல, காரின் ஒவ்வொரு உறுப்பையும் பாதியாக வெட்டி உள்ளே இருப்பதை வரைந்திருந்தார்கள். கியர் பாக்ஸ் படத்தின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. அதைப் பார்த்து நாலைந்து தடவை வரைந்தேன். பிறகு ஐந்தாம் வகுப்பு நோட்டு முழுக்க வெட்டிய பொருள்கள்தான்: குறுக்கே வெட்டிய காப்பி பில்டர், குறுக்கே வெட்டிய குத்துவிளக்கு, கடைசியில் கணக்கு டீச்சர். அதற்கு அடி வாங்கினேன்; வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பார்த்து வரைந்தது போதவில்லை. அச்சு அசலாக வேண்டும். மேப் வரையப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, அடியில் இருக்கும் கோடு தெரிவதற்காக மெல்லிய தாளில் தேங்காயெண்ணெய் தடவினேன். காயவிட வேண்டும் என்பதை மறந்து, சொட்டச் சொட்ட அப்படியே படத்தின் மேல் வைத்துவிட்டேன். எண்ணெய் புத்தகத்தில் இறங்கியது. பக்கத்தின் பின்புறம் இருந்த வேறொரு படமும் முன்னால் தெரிந்து, இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. புத்தகத்தை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாளே காரில் இரண்டாவது கியர் விழவில்லை. சித்தப்பா காரை எங்கள் கொல்லையில் நிறுத்தி, கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்துச் சாக்கில் பரப்பினார். முதலாளியின் சம்பந்தி வீட்டார் மறுநாள் சாயங்கால ரயிலில் வருகிறார்கள், குற்றாலத்தில் குளிக்க. ஸ்டேஷனில் கார் நிற்காவிட்டால் சித்தப்பாவுக்கு வேலை இருக்காது. சேர்ந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் தேய்ந்த பல்சக்கரத்துக்குப் பதில் புதிது வாங்கி வந்து, பூட்ட உட்கார்ந்தபோது புத்தகத்தை எடுத்தார். அந்தப் பக்கத்தை வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"காலையிலருந்து ஒரு வாய் காப்பி குடிக்கலை. அப்படி என்னத்தத்தான் பாக்குதானோ" என்றாள் அம்மா.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏட்டி, இதைப் பாத்து நீ வரைஞ்சு வச்சிருக்கேல்லா? அந்த நோட்டை எடுத்துட்டு வா."

அடி நிச்சயம் என்றுதான் கொண்டுபோனேன். அவர் நோட்டைச் சாக்கின் ஓரத்தில் விரித்து, காற்றில் புரளாமல் ஸ்பேனரை வைத்தார். என் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கோத்தார். சாரல் காற்றிலும் அவர் முதுகு வியர்த்திருந்தது. நான் ரப்பரால் அழித்து அழித்துக் கறுப்பாக்கிய இடம் வந்ததும் கை நின்றது.

"இந்த வாஷர் சின்னச் சக்கரத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

வாத்தியார் வாய்ப்பாடு கேட்பது போல இருந்தது. புத்தகத்தைப் பாழாக்கியவளை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "பின்னால" என்றேன். நிச்சயமாகத் தெரியாது.

கார் கிளம்பிப் போனது. தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் ஓடி ஓடிப் பார்த்தேன். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து சித்தப்பா வந்தார். விருந்தாளிகளைக் குற்றாலத்தில் இறக்கிவிட்டாராம். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தேன் என்று தூங்கிப்போனேன்.

அவர் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்து, நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகுதான் சொன்னார். கியர் பாக்ஸ் வேலை எல்லாம் தெரியும் என்று முதலாளியிடம் பொய் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாராம். அன்றைக்குப் பிரித்ததுதான் அவர் தொட்ட முதல் கியர் பாக்ஸ். முன்னாலயா பின்னாலயா என்று, தெரியாமல்தான் கேட்டிருக்கிறார்.