உருவாமல் விட்ட பிஞ்சுகள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற காப்பிச் செடிகள் மகன் வைத்தவை. அவை முதல் பூவுக்கு வரும் முன்பே, அடிவாரத்துக்கு இறங்கும் சாலையில் ஒரு வளைவில் வண்டி உருண்டு அவன் போய்விட்டான்.

தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் செடிக்கு எந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று மலைக்கிராமமான வாழவந்தி வரை போய்ச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். செடிகள் பூவுக்கு வந்த வருஷம் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் காற்றில் சாய்ந்தது. காப்பியைப் பூக்கவைக்கும் பூமழையும் தவறாமல் பெய்தது. வெயில் பட்ட செடிகள் முதல் காய்ப்பிலேயே கொம்பு தெரியாமல் பிஞ்சு பிடித்தன. வெகுநாளுக்குப் பிறகு மனைவி கொல்லைப்பக்கம் போய் நின்றாள்.

இளம் செடி அவ்வளவு காயைத் தாங்காது. இலை தயாரிப்பது போதாமல், தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் எடுத்துக் காய்க்குக் கொடுக்கும். கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். பாதிப் பிஞ்சை உருவிவிட வேண்டும் என்று சொன்னேன்.

“ஏனுங்க, அவன் வெச்சதுல காய்ச்சத உருவி எறியறதா?”

“செடி பொழைக்கணுமில்ல?”

“ஆபீஸ் பாடத்த ஊட்டுக்குள்ள எடுத்தாறாதீங்க. நொம்ப வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, யாரு கேட்டாங்க?”

யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒருநாள் நானே கொம்பைப் பிடித்தேன். கை வரவில்லை. அதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் வழி சொல்லவில்லை.

காய் சிவக்கத் தொடங்கியபோது இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. கொம்புகள் நுனியிலிருந்து கறுத்துக் காய்ந்தன. பழம் மட்டும் தொங்கியது, பாதி பதராக. அவள் ஒன்றையும் விடாமல் பறித்து முறத்தில் காயவைத்தாள்.

“அடியோட வெட்டி உட்டா துளுக்குமுங்களா?”

வெட்டிய செடி துளிர்ப்பதும் வேரில் இருக்கும் சேமிப்பை வைத்துத்தான். ஒவ்வொரு செடியிலும் ஒரு வேரைத் தோண்டி நறுக்கி, காயத்துக்குப் போடும் அயோடின் டிஞ்சரை விட்டுப் பார்த்தேன். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும். எல்லாம் டிஞ்சரின் பழுப்பாகவே இருந்தன.

“பார்க்கலாம்,” என்றேன்.

நடக்காத காரியத்துக்கு மனு கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்லிவந்த பதில் அது. வீடு தேடி வந்தவர்களிடம் அதைச் சொன்னபோதெல்லாம், அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தவள் அவள்.

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.