முதல் பொட்டு ஊஸ்டிங் ஐயாவுக்கு

லண்டன் நோர்பரியில் எனக்குத் தெரிந்த சைவர்களில் ஒரு கிறிஸ்தவக் கட்சியின் அங்கத்துவ அட்டையைப் பணப்பையில் வைத்திருப்பவர் ஒரேயொருவர்தான். பெயர் தியாகராஜா, வயது எழுபத்தொன்று. பணப்பையைத் திறந்தால் முன்னுக்கு முருகன் படம், அதற்குப் பின்னால் டச்சு நாட்டுக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் அட்டை. இரண்டும் பல வருடங்களாக ஒட்டிக்கிடந்ததில் மயிலின் நீலம் அட்டையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

"தியாகண்ணை, நீங்கள் எந்தப் பக்கம்?" என்று நான் சீண்டுவேன்.

"முருகன் உயிரைத் தந்தவர். கட்சி விசாவைத் தந்தது. ரெண்டையும் விடேலாது," என்பார்.

நான் யோகராஜா. தபால் திணைக்களத்தில் இருபத்தெட்டு வருடம் கடிதம் பிரித்தவன். அதனாலோ என்னவோ, மற்றவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குக் கைவந்த வேலை. தியாகண்ணையை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். அவர் சூப்பர் மார்க்கெட் பேக்கரியில் பாண் போட்டு ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் வீட்டில் பாண் போடுவார். அந்தப் பாணுக்காகவே நான் ஞாயிறு காலையில் அவர் வீட்டுக் குசினியில் போய்க் குந்திக்கொள்வேன். அவர் மனைவி தவமலர் அக்கா தேத்தண்ணீர் தருவார். தியாகண்ணை கட்சியின் வரலாறு சொல்வார். தேத்தண்ணீருக்கும் பாணுக்கும் நான் கொடுத்த விலை அந்த வரலாறு.

அவர் அதைப் பாணிலிருந்துதான் தொடங்குவார். 1985இல் அகதியாகப் போய் இறங்கிய சின்ன ஊரில் மூன்று பேக்கரிகள் இருந்தனவாம். கத்தோலிக்கருக்கு ஒன்று, புரட்டஸ்தாந்தரில் ஒரு பிரிவுக்கு ஒன்று, மற்றப் பிரிவுக்கு இன்னொன்று. வீட்டுக்குப் பக்கத்தில் சூடான பாண் வாசம் வந்தாலும் அது வேறு திருச்சபைக்காரரின் பேக்கரி என்றால், மழைக்குள் நடந்துபோய்த் தங்கள் ஆளிடம்தான் வாங்குவார்கள். கட்சிகளும் அப்படியே மூன்று. நூறு வருடத்துக்குக் கிட்ட மூன்றும் தனித்தனியே மல்லுக்கட்டின. பிறகு தேவாலயங்களில் ஆட்கள் இருக்கும் வாங்குகள் காலியாகத் தொடங்கின, வாக்குகளும் குறைந்தன. அப்போதுதான் புத்தி வந்து 1980இல் மூன்றும் ஒன்றாயின.

"கட்சி ஒண்டாய்ப் போச்சு. பேக்கரி மட்டும் மூண்டாய்க் கிடந்தது. அதில ஒண்டிலதான் எனக்கு வேலை," என்பார்.

அந்த ஊர்க் கட்சிக் கிளையின் தலைவர் ஹார்ம் ஊஸ்டிங். தொழில் மாட்டு வைத்தியம். காலையில் முழங்கை வரை மாட்டு மணத்தோடு பேக்கரிக்கு வந்து பாண் வாங்குவார். 1987இல் தியாகண்ணைக்கும் இன்னும் பத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தபோது, அந்த மனிதர் ஒரு வருடம் மாடுகளைப் பக்கத்து ஊர் வைத்தியரிடம் விட்டுவிட்டு அலைந்தார். கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்றார். பதினொரு குடும்பத்துக்கும் விசா கிடைத்தது. தமிழர்கள் அவரை ஐயா என்று அழைத்தார்கள். அவரும் அதைத் தன் இரண்டாவது பெயராக எடுத்துக்கொண்டார்.

தியாகண்ணை நன்றிக்காகக் கட்சியில் சேர்ந்தார். கிளைக் கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் ஒருவர் வேதம் வாசித்துச் செபிக்க வேண்டும். தியாகண்ணையின் முறை வந்தபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். ஊஸ்டிங் ஐயா, "உங்களுக்குத் தெரிந்ததைச் செய்யுங்கள்," என்றாராம். இவர் எழுந்து ஒரு பதிகத்தைப் பாடினார். பாடி முடிய எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது தியாகண்ணை மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பிசைவார்.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால் 1994 நகரசபைத் தேர்தலைப் பற்றி அவர் வாய் திறந்ததேயில்லை. போன தை மாதம் அந்தக் கடிதம் வந்திராவிட்டால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கடிதம் ஊஸ்டிங் ஐயாவின் மகள் யானெக்கவிடமிருந்து வந்தது. ஐயா 2011இல் காலமாகிவிட்டார். கிளையில் ஆட்கள் குறைந்து, பக்கத்து ஊர்க் கிளையோடு சேர்க்கப்போகிறார்களாம். அதற்கு முன் கிளையின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக யானெக்க எழுதுகிறார். 1994 பற்றிய பக்கத்தை அனுப்பி, பிழை இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார். தியாகண்ணை அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "என் தந்தை அந்த ஆண்டு வேட்பாளர் பட்டியலில் ஒரு புதியவரைச் சேர்த்தார். ஊர் அதற்குத் தயாராக இருக்கவில்லை. பதினான்கு வாக்குகளால் எமது மூன்றாவது ஆசனம் போனது. தந்தை பொறுப்பேற்றுப் பதவி விலகினார்."

"புதியவர் நான்தான்," என்றார் தியாகண்ணை. "ஆனால் நடந்தது இதில்லை."

நடந்தது இதுதான். பட்டியலில் தியாகண்ணைக்கு ஒன்பதாம் இடம். ஐந்து வருடம் ஊரில் இருந்த வெளிநாட்டவரும் நகரசபைக்கு வாக்களிக்கலாம் என்பதால் தியாகண்ணையையும் சேர்த்து முப்பத்தொரு தமிழர்களுக்கு வாக்கு இருந்தது. வாக்களிப்புக்கு முந்திய சனிக்கிழமை அவர் எல்லோரையும் பாடசாலை மண்டபத்தில் கூட்டி, வடையும் தேத்தண்ணீரும் கொடுத்து, மாதிரி வாக்குச்சீட்டை விரித்தார். பத்திரிகைத்தாள் அளவில் பெயர்கள். எங்கள் ஊரில் சின்னத்துக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டால் கதை முடிந்தது. டச்சு நாட்டிலோ ஒவ்வொரு பெயரோடும் ஒரு வெள்ளை வட்டம், அதைச் சிவப்புப் பென்சிலால் நிரப்ப வேண்டும். பெண்கள் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தனக்கு மட்டும் வாக்குக் கேட்கத் தியாகண்ணைக்கு வாய் வரவில்லை. "முதல் பொட்டு ஐயாவுக்கு வையுங்கோ," என்றார். "அவர்தான் பட்டியல்ல முதல் ஆள். பிறகு ஒம்பதாவதா என்ர பேர் கிடக்கு, அதுக்கு ஒண்டு. ஐயாவை விட்டிட்டு எனக்குப் போட்டால் நான் அவற்ற முகத்தில முழிக்கேலாது."

முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட இரண்டு வைக்கலாமா என்று கேட்கவில்லை. கலியாண வீட்டில் பெரியவரைத் தாண்டிப் போய் இளையவருக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டுவோமா? அது எங்களுக்குச் சந்தேகமே வராத விஷயம்.

தேர்தலில் தியாகண்ணைக்கு ஆறு வாக்குகள். ஆறும் டச்சுக்காரருடையவை என்பது பிறகுதான் தெரிந்தது. முப்பத்தொரு பேர் போட்டும் ஏன் ஆறு மட்டும் என்று அவர் பேக்கரி முதலாளியிடம் கேட்டார். ஒரு தாளில் ஒரு வட்டம்தான், இரண்டு நிரப்பினால் அது செல்லாது என்று முதலாளி சிரித்துக்கொண்டு சொன்னார். மாவுக்குள் கையை வைத்தபடி தியாகண்ணை கணக்குப் போட்டுப் பார்த்தார். தோற்றது பதினான்கால். செல்லாமல் போனது முப்பத்தொன்று.

அடுத்த கிளைக் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அறியாத பெயரைக் கண்டு நம் ஆட்களே வேறு கட்சிக்குப் போட்டுவிட்டார்கள் என்றார்கள். ஊஸ்டிங் ஐயா எழுந்து, "பட்டியல் போட்டது நான், பிழையும் என்னுடையது," என்று சொல்லித் தலைவர் பதவியை விட்டார். தியாகண்ணை மூன்றாவது கதிரையில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. அதே வருடம் நாடு முழுவதும் கட்சிக்கு அடி விழுந்து, எழுபது வருடத்துக்கு மேலாக அரசாங்கத்தில் ஏதோ ஒரு கிறிஸ்தவக் கட்சி இருந்த காலமும் முடிந்தது. அந்தப் பெரிய தோல்விக்குள் இந்தச் சின்னத் தோல்வி புதைந்துபோனது. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் ஐயா காலையில் வந்து பாண் வாங்கினார், முன்பு போலவே பேசினார். 2003இல் பிள்ளைகளின் படிப்புக்காகத் தியாகண்ணை குடும்பம் லண்டன் வந்தது. மற்றக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஐயாவின் செத்தவீட்டுக்குப் போனபோதும் இவர் மூடிய வாயோடுதான் நின்றார்.

"இப்ப நான் சும்மா இருந்தால், ஐயா பிழை விட்ட மனுசனாப் புத்தகத்தில இருந்திடுவார்," என்றார்.

தவமலர் அக்கா அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "முப்பத்தொரு வருசம் போயிட்டுது. அந்த மகளுக்கு எழுதி என்ன வரப்போகுது? இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?"

நானும் அக்காவின் பக்கம்தான் பேசினேன். ஒரு சின்ன ஊரில் நூறு பேர் வாசிக்கும் புத்தகத்துக்கு இந்த மினக்கேடு எதற்கு என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் எங்கள் இருவரையும் பார்த்து, "எனக்குப் பயம் அதில்லை," என்றார். "எழுதினால் முப்பத்தொரு பேரும் வாக்குப் போடத் தெரியாத ஆக்களாப் புத்தகத்தில வருவினம். பிழை சொல்லிக் குடுத்தது நான். அவையளைக் கேக்காமல் எழுதேலாது."

அதனால் கேட்கப் போனார். கார் ஓட்டியது நான். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் உயிரோடிருந்தார்கள், எல்லோரும் லண்டனில்தான். இரண்டு வாரம் சுற்றினோம். மோர்டனில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதே மோர்டனில் இன்னொருவர், "இதைப் போய் இப்ப ஏன் கிண்டுறியள்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு வாசல் வரை வந்து, "சரி, எழுதுங்கோ," என்றார்.

கடைசியாகக் குட்மேய்ஸில் அமராவதி. எண்பத்திரண்டு வயது, தனியே இருக்கிறார். தியாகண்ணை விஷயத்தைச் சொல்லி முடித்தார். அமராவதி கையிலிருந்த தேத்தண்ணீரை மேசையில் வைத்தார்.

"நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வட்டத்துக்கு வெளியில போகாமல் வடிவா ரெண்டையும் நிரப்பினனான்," என்றார். "அது செல்லாமப் போச்சோ?"

"ஓம் அக்கா. நான் விட்ட பிழை."

"ஐயாவுக்கு என்ர வாக்கு விழேல்லையோ?"

தியாகண்ணை ஓம் என்று தலையை மட்டும் அசைத்தார். முப்பத்தொரு வருடமாக அந்த மனுஷி ஐயாவுக்குத் தான் பட்ட கடனில் கொஞ்சமாவது தீர்த்துவிட்டதாக நினைத்திருந்திருக்கிறார். அதை நாங்கள் இருவரும் போய்ப் பறித்துவிட்டோம். எனக்கே அங்கே இருக்க ஏலாமல் வந்தது.

பிறகு அமராவதியே சொன்னார். "எழுதும் தம்பி. அந்த மனுசனில பிழை இருக்கக்கூடாது."

அன்று மாலையே குசினி மேசையில் இருந்து தியாகண்ணை டச்சு மொழியில் நாலு பக்கம் எழுதினார். தபாலில் போட்டது நான். பதிவுத் தபாலில் போட்டேன்.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. அந்த மூன்று ஞாயிறும் பாண் சரியாகப் பொங்கவில்லை. நாலாவது ஞாயிறு நான் போனபோது தியாகண்ணை மேசையில் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தவமலர் அக்கா பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தியாகண்ணை வரிவரியாகத் தமிழில் எனக்குச் சொன்னார்.

"தியாகு மாமா, அப்பாவுக்குத் தெரியும். வாக்கு எண்ணும்போது அவர் அங்கே நின்றார். இரண்டு வட்டம் நிரப்பிய தாள்களை ஒதுக்கி வைத்ததைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் பெயரும் உங்கள் பெயரும். வட்டத்துக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லையாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் என்னிடமும், 'முப்பத்தொரு பேர் தங்கள் ஆளுக்கு முன்னால் என்னை வைத்திருக்கிறார்கள். இப்படித் தோற்க யாருக்குக் கிடைக்கும்?' என்றார். பிறகு அழுதார். வெளியே சொன்னால் ஊர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும், நீங்களும் உடைந்துபோவீர்கள் என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். உங்களுக்கு இது தெரியாது என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தார். நானும் அந்தச் சத்தியத்துக்காகத்தான் அந்தப் பக்கத்தை அப்படி எழுதினேன்."

ஒன்பது வருடம் ஒவ்வொரு காலையும் பாண் வாங்கியவரும் பாண் கொடுத்தவரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்திருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசியில் யானெக்க ஒன்று கேட்டிருந்தார். முப்பத்தொரு பேரின் பெயர்களையும் தர முடியுமா, அந்தப் பக்கத்தில் போடலாமா என்று. தியாகண்ணை மறுபடியும் எல்லோரையும், இறந்தவர்களின் பிள்ளைகளையும் கேட்டார். இந்தமுறை தொலைபேசியில். முகத்தைத் திருப்பிக்கொண்ட மோர்டன்காரர் தன் பெயரின் எழுத்துகளை இரண்டு தரம் சொல்லிச் சரிபார்த்தாராம்.

புத்தகம் ஆவணியில் வந்தது. அமராவதிக்கு ஒரு பிரதியை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். தியாகண்ணை பக்கத்தை எடுத்துக் காட்டினார். மேலே ஹார்ம் ஊஸ்டிங், அவருக்குக் கீழே எங்கள் ஆட்களின் பெயர்கள் வயதுப்படி வரிசையாக, முப்பத்தொன்றும். அமராவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டச்சு அவருக்கு மறந்துபோயிருந்தாலும் எழுத்துகள் தெரியும். தன் பெயரைத் தேடுகிறார் என்று நான் நினைத்தேன்.

அவர் முதலில் ஐயாவின் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் விரலைக் கீழே இறக்கித் தன் பெயரைத் தேடத் தொடங்கினார்.