மிதிக்காத கோடு

என் மகளுக்கு ஒன்பது வயதானபோது என் இடுப்பு கையை விரித்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான அவளுடைய பள்ளி கே.கே. நகரில். எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ். பஸ் படிக்கு அவள் காலைத் தூக்க மாட்டாள். நான் அவளையே தூக்க வேண்டும். "இனிமே வெயிட் தூக்கினீங்கன்னா படுக்கைதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் ஆட்டோ எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவளாக ஏறினால் பள்ளி உண்டு, இல்லாவிட்டால் வீடுதான்.

பள்ளியில் ஒரு பி.டி. சார் இருந்தார். விசில், அதட்டல் எதுவும் கிடையாது. பிள்ளைக்குத் தகுந்தபடி விளையாட்டையே மாற்றிவிடுவார். பந்தைக் கண்டு பயப்படுகிறவனுக்கு பலூன், சத்தம் ஆகாதவளுக்கு ஆளில்லாத மூலை. எனக்கு இதெல்லாம் அதிசயமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"படி ஏற முதல்ல ஒத்தக் கால்ல நிக்கத் தெரியணுங்க. அதுக்கு பேலன்ஸ் வேணும்" என்று சொல்லி, தரையில் வெள்ளைக் கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார். சுண்ணாம்பு என்றால் பிள்ளைகள் கையை வாயில் வைத்துவிடும் என்று அரிசி மாவில் கோடு. மற்றவர்கள் தட்டுத்தடுமாறியாவது அதில் நடந்தார்கள். என் மகள் மட்டும் கோட்டை ஒட்டியே நடப்பாள், அதன்மேல் கால் வைக்க மாட்டாள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டால் அலறுவாள். வாரக்கணக்கில் இதே கூத்து.

"பேலன்ஸ் ரொம்ப வீக்குங்க. டைம் எடுக்கும்" என்றார் சார்.

ஆனாலும் ஏதோ உறுத்தியது. தடுமாறுகிறவள் கோணல்மாணலாகத்தானே நடப்பாள்? இவள் கோட்டுக்குப் பக்கத்திலேயே, இம்மி பிசகாமல் நேராக அல்லவா போகிறாள்?

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும்போது அவள் கையை விட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன். மார்கழி மாதம். வாசலுக்கு வாசல் கோலம், தெருவையே அடைத்துக்கொண்டு. நடுவில் பாதம் வைக்க மட்டும்தான் இடம். என் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். அடுத்த காலை எங்கே வைக்கலாம் என்று நிதானமாகப் பார்த்தாள். வைத்தாள். மறுபடி ஒற்றைக் கால். அடி சக்கை! இவளுக்கா பேலன்ஸ் வீக்கு? நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கோலத்தை மிதிக்காதே என்று கத்தியவள் நான்தான். இப்போது மாவைப் போட்டுவிட்டு மிதி மிதி என்றால் அவள் எப்படி மிதிப்பாள்?

போன வேகத்தில் சாரிடம் கொட்டித் தீர்த்தேன். "சார், அவளுக்கு அது கோடு இல்லைங்க, கோலம்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்லயும் மிதிச்சா அம்மா விளக்கமாத்த எடுப்பாங்க. எனக்குத் தோணவே இல்லையே!"

அன்றே எல்லாவற்றையும் மாற்றினார். ஒரு கோலம் போட்டு, அதற்கு அப்பால் ஒரு பலகை வைத்தார். கோலம் கலையாமல் பலகைக்குப் போக காலை நன்றாகத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கினாள். பலகைமேல் இன்னொரு பலகை ஏறியது. பிறகு கோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கினார். கடைசியில் மாவே இல்லை. கால் மட்டும் உயர்ந்தது.

ஆனால் பஸ் படியில்? மரம் மாதிரி நின்றாள். "ஒரு எடத்துல வந்தது இன்னொரு எடத்துல வர நாளாகும். அவசரப்படாதீங்க" என்றார் சார். அவருக்கென்ன, என் இடுப்பைக் கேட்டால் தெரியும். நானும் பஸ்ஸுக்கு நிற்கிற யாராவது ஒருவரும் சேர்ந்து அவளைத் தூக்கி ஏற்றினோம். இந்த வருடத்தோடு பள்ளியை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சே வந்துவிட்டது.

பங்குனியில் ஒரு காலை, பஸ் வந்து நின்றதும் வழக்கம்போல் குனிந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். கம்பியைப் பிடித்தாள். ஒரு கால், அடுத்த கால், உள்ளே போய்விட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு ரோட்டிலேயே நின்றேன். விசில் ஒலித்தது, பஸ் நகர்ந்தது.

"ஐயோ, நிறுத்துங்க! என் பொண்ணு உள்ள இருக்கா!"

பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார். "என்னம்மா நீங்க, புள்ளய ஏத்திவிட்டுட்டு வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க?"

ஓடிப்போய்ப் படிக் கம்பியைப் பிடித்தேன்.

"நான் ஏத்திவிடலைங்க" என்றேன். "அவளே ஏறிட்டா."