டிரில் மாஸ்டரின் முதுகு

பள்ளிக்கூட மைதானத்தில் குருசாமி சார் 'அட்டென்ஷன்' என்று ஒரு குரல் விட்டால் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன்கூட எழுந்து நிற்பான் என்பார்கள். அப்பேர்ப்பட்ட டிரில் மாஸ்டருக்கு, பெண்டாட்டியோடு தெருவில் நடக்கும்போது மட்டும் தலையே நிமிராது. அவர் பத்தடி முன்னால் போவார். முப்பிடாதி பின்னால் வருவாள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். சில நாள் போயும் இருக்கிறது.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான் நடந்தார்கள் என்றே வையுங்கள். ஆனால் மற்றவர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். சார் பார்க்க மாட்டார். பையன்கள் கண்டுவிட்டால் மறுநாள் பிரேயரில் நிற்க முடியாது என்று பயம். அவளைப் பேர் சொல்லியும் கூப்பிட மாட்டார், ஒரு கனைப்புத்தான். நான் அதே பள்ளிக்கூடத்தில் கிளார்க். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை; ஆகாதவனுக்குத்தான் அடுத்தவன் குடும்பம் நடத்துவது நன்றாகத் தெரியும்.

முப்பிடாதிக்கு ஏழு மாதம். மறுநாள் வளைகாப்பு. முடிந்த கையோடு அவள் அப்பா பேறுகாலத்துக்குச் சிவகிரிக்குக் கூட்டிப்போகிறார். பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் அனுப்புவேன் என்று சொல்லியும்விட்டார். அந்த மாமனாரைக் கண்டால் சாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அன்று மத்தியானம் சார் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"வே, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். வீடு பூரா சனம். அடுப்படியில நாலு பேரு, முத்தத்துல எட்டு பேரு."

"பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க சார். பக்கத்துல நடந்து சொல்லுங்க" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? அஞ்சரைக்கே போய் பார்க் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் பார்க்கில் தண்ணீர் வராத நீரூற்று ஒன்று, ஒற்றைக் கொம்போடு சிமெண்ட் மான் ஒன்று, நாலு அரளிச் செடி, கம்பத்தில் ஒரு ரேடியோ. இருக்கிறதை வைத்துத்தானே காதலிக்க வேண்டும்?

ஆறு மணிக்கு வந்தார்கள். சார் முன்னால், அவள் பத்தடி பின்னால். நான் தலையில் அடித்துக்கொண்டேன். முதல் சுற்று பேச்சே இல்லாமல் போயிற்று. ரேடியோவில் ஒருவர் மிளகாய்க்கு உரம் வைப்பதைப் பற்றி உரக்க விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில், நீரூற்றுப் பக்கம் முப்பிடாதியின் செருப்பு வார் அறுந்தது. "இந்தாங்க" என்று கூப்பிட்டாள். மிளகாய்க்காரர் அதைச் சார் காதில் விழவிடவில்லை. குனிய முடியாதவள், நீரூற்றுச் சுவரில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மரக்கடை மருதப்பன் அண்ணாச்சி குறுக்கே வந்து சாருக்குப் பின்னால் சேர்ந்தார். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார்.

உரம் முடிந்து ரேடியோ ஓய்ந்தது. சார் கனைத்தார்.

"கேட்டியா, நீ போயி ரொம்ப நாள் இருந்துராத. நீ இல்லாம எனக்குச் சோறு எறங்காது. நீ பொரண்டு படுக்கையில வளையல் சத்தம் கேக்கும்லா, அது கேக்காம எனக்கு உறக்கம் வராது."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவுக்கே மூன்று பெஞ்சு திரும்பியது. அண்ணாச்சி தன் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மரியாதை தெரிந்த மனுஷன். ஒருத்தன் இவ்வளவு உருகிக் கேட்கும்போது பதில் சொல்லாமல் போவது முறையில்லை என்று நினைத்திருப்பார்.

"நான் எங்கயும் போகல தம்பி. இங்கனதான் கெடப்பேன். நீ வேளாவேளைக்குச் சாப்புடு."

சார் திரும்பினார். கல்யாணமாகி அவர் தெருவிலோ பார்க்கிலோ திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்தது அண்ணாச்சியின் மீசையை. பெஞ்சுகள் வெடித்துச் சிரித்தன. நான்தான் அதிகம் சிரித்தேன், வெட்கமில்லாமல். சார் வாசலைப் பார்த்தார். இருபது அடி எடுத்து வைத்தால் வெளியே போய்விடலாம். ஓடிவிடுவார், அவளும் ஒன்றும் கேட்காமல் நாளைக்கு வண்டியேறிவிடுவாள் என்று தோன்றியதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. யோசனை சொன்னவன் நான் அல்லவா?

முப்பிடாதி அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள்.

"அண்ணாச்சிகிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லுங்க."

"ஊருக்கே கேட்டுச்சே. ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. வெளிய வந்தா ஒங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு வாரேன். பிள்ள ஒங்க சாடையில பொறந்தா எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி சிமெண்ட் மானைப் பார்க்கப் போனவர் மாதிரி ஒதுங்கிக்கொண்டார். சார் நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னார். வளையல் சத்தத்தையும் விடவில்லை. முப்பிடாதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பம் பிள்ள பொறந்து நாப்பதாம் நாளே வந்துருதேன்."

சாருக்கு வாயெல்லாம் பல்.

"ஆனா எங்க அய்யா மூணு மாசம்னு முடிவு பண்ணிட்டாருல்லா. வீட்டுலதான் இருக்காரு. வாங்க, அவரு மொகத்தப் பாத்து இதச் சொல்லுங்க. முழுசாச் சொல்லணும்."