கையெழுத்து வைக்கக் கூடாத மாமி

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அப்பா வாசற்கதவை உள்ளிருந்து சாத்தினார். துறைமுகக் காற்றுக்காகப் பகல் முழுக்கத் திறந்து கிடக்கும் கதவு அது. உள்ளே அப்பா, கறுப்புப் பையோடு பத்திரம் எழுத வந்த நொத்தாரிசு, பேக்கரிக்காரர், சைக்கிள் கடை நானா. வெளியே அம்மா, எங்கள் பின் அறையில் இருந்த அப்பாவின் அக்காவான மாமி, பத்து வயது நான்.

அப்பா மரண சாசனம் எழுதுகிறார் என்பது மட்டும் தெரியும். அப்போது அவருக்கு நாற்பது சொச்சம். துறைமுகத்தில் கப்பல் வடம் இழுப்பவர். அந்த வயதில் எங்கள் தெருவில் எவரும் மரண சாசனம் எழுதியதில்லை. அதற்குச் சாட்சிகள் வேறு வேண்டுமாம். சாட்சி என்றால் வழக்கு, வழக்கு என்றால் மறியல், கம்பிக்குப் பின்னால். அப்பா ஏதோ களவு செய்துவிட்டார் என்று நான் முடிவுகட்டினேன்.

பெரியவர்களின் சந்தேகமும் என்னுடையதைவிடத் திறமானதல்ல.

"பாண்காரனுக்குத் தெரியலாமாம், பெண்சாதிக்குத் தெரியக் கூடாதாம்," என்றார் அம்மா, சுவரைப் பார்த்து, மாமிக்குக் கேட்கும்படி. மாமி அப்பாவைப் பேய்க்காட்டி வீட்டைத் தன் பேருக்கு எழுதுவிக்கிறார் என்பது அம்மாவின் எண்ணம். அம்மா அப்பாவின் காதில் ஓதி ஓதித் தன்னைப் பின் அறையிலிருந்து கிளப்பப் பார்க்கிறார் என்பது மாமியின் எண்ணம். இருவரும் காது வைத்திருந்தது என்னவோ ஒரே கதவில்தான்.

கடைசியில் மாமி கதவைத் தட்டித் திறப்பித்து உள்ளே போனார்.

"பிற ஆக்களை ஏன் தம்பி கரைச்சல்படுத்துறாய்? நான் வைக்கிறன் கையெழுத்து. கன்னியர் மடத்தில படிச்சனான், பெருவிரல் பதிக்கிற ஆள் இல்லை."

நொத்தாரிசு பேனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்கள் வைக்கக் கூடாது," என்றார் அப்பா.

"ஏன் கூடாது?"

"பிறகு சொல்லுறன். இப்ப வெளியில போங்கோ."

அப்பா தன் அக்காவை அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. மாமி நேரே பின் அறைக்குப் போனார். ஒரு பையோடு வெளியே வந்தார். படலையைச் சாத்தாமலே தெருவில் இறங்கி நடந்தார். அம்மா குசினி அடுப்பை விட்டு அசையவில்லை. "பின்னால போய்ப் பார், என்னத்தைக் கொண்டுபோறா எண்டு," என்று என்னை மட்டும் அனுப்பினார்.

மூதூர் போகும் லோஞ்சுப் படகு வரும் இறங்குதுறையில் மாமி என்னைக் கண்டுகொண்டார். பையை அகல விரித்தார்.

"வடிவாப் பார். நாலு சீலை, செபமாலை, முதுகு சொறியிற மட்டை. கொம்மாவிட்டப் போய்ச் சொல்லு."

"மூதூரில ஆர் இருக்கினம், மாமி?"

சீலைகளைத் திருப்பி அடுக்கியபடி, "ஒருத்தரும் இல்லை," என்றார்.

போன மாதம், வைத்தியர் சொன்ன ஒன்றுக்குப் பிறகு, நானும் நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்தேன். அயல்வீட்டார் இருவர் வந்து உட்கார்ந்தார்கள். "எங்களுக்குத் தெரியாம என்னம்மா எழுதுறீங்கள்?" என்று மகள் கதவடியில் நின்று கேட்டாள். அவள் கண்ணில் இருந்த சந்தேகத்தை எனக்கு முன்பே தெரியும். சொல்லவேண்டிய பதிலும் பாடமாகத் தெரியும். இருந்தும் "பிறகு சொல்லுறன்" என்றுதான் வாயில் வந்தது.

அன்று மாமி முதல் லோஞ்சை ஏறாமலே விட்டார். கண் தெருவிலேயே இருந்தது. இரண்டாவது லோஞ்சு தூரத்தில் தெரிந்தபோது சைக்கிளில் வந்து இறங்கியது அப்பா அல்ல, நொத்தாரிசு. மூச்சு வாங்கினார்.

"எழுதினதை நான் வெளியில சொல்லுறேல்லை, அம்மா. அவர்தான் சொல்லச் சொல்லி அனுப்பினவர். வீடு பெண்சாதிக்கு. பின் அறை நீங்கள் சீவிச்சிருக்கும்வரைக்கும் உங்களுக்கு. சாட்சிக் கையெழுத்து வைக்கிற ஆளுக்கு அந்தச் சாசனத்தில ஒண்டும் சேராது. நீங்கள் கையெழுத்து வைச்சிருந்தா அறை போயிருக்கும்."

மாமி பையின் வாயை இறுக்கிப் பிடித்தார். "அதைச் சொல்ல அவனுக்கு வாய் இல்லையோ? தான் ஏன் வரேல்லை?"

நொத்தாரிசு என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அப்பாவுக்கு மறியல் இல்லை என்ற சந்தோசத்தில், கரையை அணையும் லோஞ்சை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன் நான். அவர் சொன்னது காதில் விழுந்தது, விளங்கவில்லை.

"வரத்தான் வெளிக்கிட்டவர், அம்மா. படலை வரைக்கும்தான் நடக்க ஏலுமாயிருந்தது."